எழுதாமல் அழிக்காதே

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னார். நான் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு சொல்லி முடித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைகழுவப் போன இடத்தில், இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அடுத்தவர் கதை. தடயம் தெரியாமலிருக்க ஆட்களைக் கொஞ்சம் இடம் மாற்றியிருக்கிறேன்.

அவசரமும் இருக்கிறது. திங்கட்கிழமை காலைக்குள் இது முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒருவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தனக்கு உயிரான வேலையைத் தானே விட்டுக்கொடுத்துவிடுவார். இன்று சனிக்கிழமை மத்தியானம்.

முதல் தொடக்கம்:

முப்பது டன் எடையுள்ள எக்ஸ்கவேட்டர் ஒன்று, தூக்கிய கையை இறக்க மறந்ததுபோல நடுவானில்

வேண்டாம். வண்டியை வைத்துத் தொடங்கினால் வண்டியின் கதையாகிவிடும். இது பொறாமையின் கதை. பொறாமைக்கு ஒரு ஆள் வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்:

பட்டறையில் அவளுக்கு அகராதி என்று பெயர்.

இது நிற்கும்.

2

பட்டறையில் அவளுக்கு அகராதி என்று பெயர். மண் தோண்டும், கல் உடைக்கும், ரோடு போடும் பெரிய வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. தகரக் கூரை. எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. வண்டியின் திரையில் எந்த எரர் கோடு வந்தாலும் சரி, எண்ணைச் சொன்னால் போதும், புத்தகத்தைத் திறக்காமலே அர்த்தம் சொல்லிவிடுவாள். அதனால் அந்தப் பெயர். கொஞ்சம் அகராதி பிடித்தவள் என்பதாலும்தான் என்று சிலர் சொல்வார்கள். அவள் காதுபடச் சொல்ல மாட்டார்கள்.

[முதலில் பிழைக்குறி என்று எழுதி, அடித்துவிட்டேன். பட்டறையில் அந்தச் சொல்லைச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.]

இந்தக் காலத்து வண்டிக்கு உடம்பெல்லாம் சென்சார். எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஒவ்வொன்றும் கேபினுக்குள் இருக்கும் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது ஏறுமாறாக இருந்தால் கணினி திரையில் ஓர் எண்ணைக் காட்டும். அதுதான் எரர் கோடு. எப்போது வந்தது, எத்தனை முறை வந்தது, அப்போது வண்டி என்ன செய்துகொண்டிருந்தது, எல்லாம் அதன் நினைவில் இருக்கும். பழுது பார்ப்பவர் அந்த நினைவை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, பிறகு வண்டியிலிருந்து அழிப்பார். அழித்துவிட்டு ஓட்டினால் நிஜமான கோளாறு மட்டும் திரும்பி வரும். ஏற்றிக்கொள்ளாமல் அழித்தால் போச்சு. தனக்கு எங்கே வலித்தது என்பதையே மறந்துவிட்டு டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்த நோயாளிதான்.

அதனால் பட்டறைச் சுவரில் நீலப் பெயிண்டில், ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்: எழுதாமல் அழிக்காதே. லேப்டாப் வருவதற்கு முன்பு, எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்துப் பெயிண்ட்.

(உங்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. வேறு யாராவது படித்தால் என்று எழுதுகிறேன்.)

நான்கு வருடமாக அந்தப் பட்டறையில் எரர் கோடு என்றால் அகராதிதான். பிறகு இன்னொருத்தி வந்தாள். வந்து ஐந்து மாதம் ஆகியும் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள். சரியாக வந்தால் தனியாக சைட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பினால்தான் அவள் முழு ஆள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஒன்று வந்தது. கூடவே அதை ஓட்டும் ஆபரேட்டரும் வந்தார்.

"ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு மூச்சு வாங்குது. எஞ்சின் இறங்கிடுது. அப்புறம் தானா சரியாகுது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு."

"கோடு என்ன வருது?" என்றாள் அகராதி.

ஆபரேட்டர் சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்த மூன்று எண்களைப் படித்தார்.

"பம்ப் பிரஷர் ஒண்ணு, பம்ப் பிரஷர் ரெண்டு, பைலட் பிரஷர். மூணு சென்சாரையும் மாத்திடலாம்."

ஃபோர்மேன் காதைச் சொறிந்தார். "மூணும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல சாகுமா?"

பின்னால் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்த புதுசு, "சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். கேட்டது ஃபோர்மேனை. பார்த்தது ஆபரேட்டரை. "அண்ணே, மூச்சு வாங்கும்போது பூம் மேல இருக்குமா, கீழ இருக்குமா?"

பூம் என்பது எக்ஸ்கவேட்டரின் தோளிலிருந்து நீளும் பெரிய கை. ஆபரேட்டர் தன் வலக்கையையே தூக்கியும் இறக்கியும் பார்த்தார். "மேல. ஆமாம்மா, மேலதான்! லாரியில கொட்டும்போதுதான் இப்படிப் பண்ணுது."

ஃபோர்மேன் புதுசின் பக்கம் முழுவதுமாகத் திரும்பினார்.

"அப்புறம்?" என்றார்.

3

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்தான்.

நான்கு வருடத்தில் ஃபோர்மேன் அகராதியிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார். சரி. ஆகட்டும். முடிச்சிடு. நல்லாப் பண்ணிட்ட. ஒருநாளும் 'அப்புறம்?' என்று கேட்டதில்லை. அகராதி பதில் சொல்வாள், பதிலோடு பேச்சு முடிந்துவிடும். மேலே கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு சொல்லுக்காகவா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். பெரிய காரணம் ஏதாவது கொடுக்கலாமே என்று முயன்றேன்.

(அ) அகராதிக்கு வரவேண்டிய பதவி உயர்வு புதுசுக்குப் போய்

(ஆ) அகராதி மனதுக்குள் விரும்பிய ஒருவன் புதுசைப் பார்த்து

இரண்டும் பொய் வாசம் அடித்தன. பதவி போனால் கோபம் வரும், சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? "அவகிட்ட அப்புறம்னு கேட்டீங்க, என்கிட்ட ஏன் கேக்கல?" என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? சொல்லிப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். சொல்ல முடியாததால்தான் அது உள்ளே தங்குகிறது.

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். அகராதிக்கு வயிறு எரியவில்லை. காதுதான் கூர்மையானது. எந்த மூலையில் புதுசு சிரித்தாலும் கேட்டது. இரண்டு வண்டி ஓடும் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. புதுசு யாரையாவது சிரிக்க வைத்தால், அந்த ஆளின் மேலும் ஒரு சின்ன வெறுப்பு வந்தது. புதுசு நல்லவள் என்பது இன்னும் மோசமாக இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும்.

* இந்தப் பத்தியைத் திருத்தவே இல்லை. ஒரே வீச்சில் வந்தது. அகராதியைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பது ஆச்சரியம்தான். அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

4

இனி அகராதி தப்பு செய்ய வேண்டும். நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டு மேசையில் இதைச் சொன்னவரே புதுசுதான். அவர் என் அண்ணி.

அண்ணி அன்று வண்டியின் நினைவை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார். பிறகு வண்டியிலிருந்து அழித்தார். "வீட்டுல போய் நிதானமா பாக்கறேன் சார்" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். மறுநாள் காலையில் பட்டறையில் எல்லார் முன்னாலும் திறந்தபோது லேப்டாப்பில் அந்த ஃபைல் இல்லை. யாரோ அழித்திருந்தார்கள்.

யார் என்று அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. அம்மா மட்டும் மேசையில் அடித்துச் சொன்னார்: "அந்த சீனியர் பொம்பளதான். வேற யாரு? வயித்தெரிச்சல்." அந்த வரியிலிருந்துதான் என் கதை முளைத்தது. அகராதி என்ற பாத்திரத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தது அம்மா.

ஆனால் அகராதியை லேப்டாப்புக்கு அருகில் கொண்டுபோக என்னால் முடியவில்லை. முயன்றதைப் பாருங்கள்:

தேநீர் இடைவேளையில் அகராதி மட்டும் பட்டறையில் தங்கினாள். லேப்டாப் மேசைமேல்

இல்லை. தேநீருக்குப் போகும்போது லேப்டாப்பை ஃபோர்மேன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பில்.

அகராதி ஃபோர்மேனின் சாவியை

சினிமா ஆகிவிட்டது.

மாலையில் புதுசின் வீட்டு வாசலில் அகராதி ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்"

இந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் நேராக முகம் பார்த்துப் பேசாதவள் பிஸ்கட் டப்பாவோடு வருவாளா?

இடிப்பது ஒரே இடம்தான். அன்று மாலை அண்ணி லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். கதையை எப்படி வளைத்தாலும் லேப்டாப் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை இப்போதைக்கு இப்படியே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

5

மறுநாள் காலை. இந்தப் பகுதி அண்ணி சொன்னபடியே.

ஃபோர்மேன் வண்டியின் திரையைப் பார்த்தார். காலி. லேப்டாப்பைப் பார்த்தார். அதுவும் காலி. பிறகு சுவரைப் பார்த்தார்.

"எழுதாம அழிச்சிட்டியா?"

"ஏத்தினேன் சார். என் கையால ஏத்தினேன்."

"எங்க?"

"இதுலதான் சார். இங்கதான் இருந்துச்சு. மூணும் ஒரே நேரத்துல விழுந்திருக்கான்னு பாக்கணும்னு நினைச்சேன் சார். அப்படி விழுந்திருந்தா அது சென்சார் இல்ல, வயரிங்."

"இருந்தா காட்டு. இல்லாததை வெச்சுக்கிட்டு நான் சைட்காரன்கிட்ட என்ன பேசறது?"

மூலையிலிருந்து யாரோ, "ரப்பர்!" என்றார்கள். அழிக்கிற ரப்பர். பட்டறை சிரித்தது. அன்றிலிருந்து புதுசு என்ற பெயர் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று சென்சாரையும் மாற்றி வண்டியை அனுப்பிவிட்டார்கள். அண்ணியின் கையிலிருந்து லேப்டாப் போனது. ஃபில்டர் மாற்றும் வேலை வந்தது. ஆறு மாதப் பரீட்சை ஒத்திப்போடப்பட்டது.

மூன்று வாரம் கழித்து அதே வண்டி ஒரு பள்ளத்துக்குள் சிமென்ட் குழாயை இறக்கிக்கொண்டிருந்தது. குழாயைத் தூக்கிப் பள்ளத்துக்கு மேலே கொண்டுவந்த நேரத்தில் மூச்சு வாங்கியது. குழாய் ஒரு முழம் தள்ளி இறங்கியது. கீழே நின்றவர் சட்டென்று இழுத்துக்கொண்டதால் கால் பிழைத்தது. செருப்பு மட்டும் குழாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அண்ணி இதைச் சொல்லும்போதும் சிரித்தார். "ஒத்தச் செருப்போட கேபின் வரைக்கும் வந்து ஆபரேட்டரைத் திட்டினாராம்!" எல்லாரும் சிரித்தோம். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

வண்டி திரும்பப் பட்டறைக்கு வந்தது. இனி வருவது என் கதைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத காட்சி. அடித்துவிடத்தான் நினைத்தேன்.

அண்ணி ஃபில்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அகராதி வந்து, வோல்ட் அளக்கும் தன் மீட்டரை அவர் மடியில் போட்டார்.

"எந்திரி. இந்த மீட்டரை வெச்சுக்க. உன்னோடது பேட்டரி இறங்கினது, பொய் சொல்லும்."

"என்னைத்தான் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களேக்கா."

"லேப்டாப்பைத்தான தொடக் கூடாது? மீட்டரைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"அக்கா, நான் நிஜமாவே ஏத்தினேன்க்கா."

"ஏத்தினேன்னா ஏத்தியிருப்ப. அழுதுட்டு அப்புறமா வேலை பாக்கறியா, வேலை பாத்துட்டு அழறியா?"

பூமைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டார்கள். இந்த வண்டியில் ஆறு சென்சார்களுக்கு ஒரே வயரில்தான் ஐந்து வோல்ட் போகிறது. ஆறு வீட்டுக்கு ஒரு குழாய் மாதிரி. அந்த வயரில் மீட்டரை வைத்தால் அரை வோல்ட்கூட இல்லை. எங்கேயோ ஒன்று எல்லாவற்றையும் உறிஞ்சிக் கீழே தள்ளுகிறது.

எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொன்றாகக் கழற்றுவது. எதைக் கழற்றினால் ஐந்து வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் கள்ளன்.

பம்ப் ஒன்றின் சென்சாரில் வயர் செருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றினார்கள். வரவில்லை. பம்ப் இரண்டு. வரவில்லை. பைலட். இல்லை. மற்ற இரண்டையும் கழற்றினார்கள். மீட்டர் அசையவில்லை. கடைசியில் பூம் எவ்வளவு உயரம் போகிறது என்று அளக்கும் சென்சார். அது பிற்பாடு வெளியில் வாங்கி மாட்டியது. கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் அதற்கென்று எரர் கோடும் கிடையாது. அண்ணி அதைக் கழற்றினார்.

மீட்டரில் ஐந்து.

பூமின் அடிமூட்டில், ஒரு கிளாம்புக்கு அடியில், அதன் வயர் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பூம் மேலே போகும்போதெல்லாம் இரும்பில் தொட்டிருக்கிறது. தப்பு அதனுடையது. பேர் கெட்டது மற்ற மூன்றுக்கும்.

கோளாறு பிடிபட்டது. ஆனால் ரப்பர் என்ற பெயர் போகவில்லை. கோளாறைக் கண்டுபிடித்தது வேறு, எழுதாமல் அழித்தது வேறு என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார்.

6

இந்த முறையில் என் கதையையும் சோதித்துப் பார்க்கலாம்.

அகராதியைக் கழற்றுகிறேன். தன் மீட்டரைக் கொடுத்தவர். கழற்றின பிறகும் கதை எழுந்து நிற்கவில்லை. அவர் இல்லை.

[இதுவரை அவரை அவள், இவள் என்று எழுதிவந்தேன். மீட்டரைக் கொடுத்த இடத்திலிருந்து என்னையறியாமல் 'அவர்' ஆகிவிட்டார். மூன்றாம் பகுதியில் அவர் தலையில் நான் கட்டிய காது, வெறுப்பு எதுவும் அவருடையது இல்லை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.]

ஃபோர்மேனைக் கழற்றுகிறேன். லேப்டாப்பில் படம் பார்க்கவே தெரியாதவர். இல்லை.

லேப்டாப்பையே கழற்றிப் பார்த்தேன். பட்டறையில் அதைச் சோதித்தார்களாம். ஒரு குறையும் இல்லை.

புதுசு. அண்ணி. அவரே மறந்திருப்பார், அவரே அழித்திருப்பார். எல்லாரும் நம்புவது இதைத்தான். மேசையில் சிரித்துச் சொன்னாலும், அண்ணியும் இப்போது அதையே நம்பத் தொடங்கிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரே வீட்டில் இருக்கிறோம். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பி வந்து திருகைத் தொட்டுப் பார்க்கிறார். கதவைப் பூட்டியதும் பூட்டை போனில் படம் எடுத்துக்கொள்கிறார். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். பாத்திரம் தேய்த்தால் அழிந்துவிடுகிறது, மறுபடி எழுதுகிறார். போன வாரம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது:

"ஏங்க, நான் ஏத்தினது எனக்கு அவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்குங்க. அதுவே பொய்யின்னா, நான் முறுக்கின போல்ட்டை எப்படிங்க நம்பறது? கீழ ஆள் நிக்கிறாங்களே."

நேற்று என்னிடம் வந்தார். பழுது பார்க்கும் வேலையிலிருந்து விலகி, உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றிக்கொள்வதாக ஒரு கடிதம் வேண்டும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். "நீதான் நல்லா எழுதுவியே, சயின்டிஸ்ட். எழுதிக் குடேன்."

சயின்டிஸ்ட் என்பது என்னைத்தான். இயற்பியல் படித்தேன். இந்த வீட்டில் அதை நினைவில் வைத்திருப்பவர் அண்ணி ஒருவர்தான்.

இன்னும் ஒரு கனெக்டர் மிச்சம் இருக்கிறது. இந்தக் கதையில் அதற்கு இதுவரை ஒரு பெயரும் கொடுக்கவில்லை.

7

'நான்' என்று தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. ஆகவே:

நாத்தனார் அன்று மாலை ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரில் அப்பா. பக்கத்தில் அண்ணி, பட்டறை உடுப்போடு. லேப்டாப் மேசைமேல். அண்ணி மூன்று கரண்டிகளை வரிசையாக வைத்து, இதுதான் மூன்று சென்சார் என்று மாமனாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "ஒரு வண்டியில மூணு பேர் ஒரே நேரத்துல பொய் சொல்றாங்க மாமா. நம்புவீங்களா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

நாத்தனார் மூன்று வருடம் இயற்பியல் படித்தாள். மூன்று வருடமும் தினம் மாலையில் இதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா கேட்பது, "காலேஜ் எப்படிம்மா?" அவள் சொல்வது, "நல்லாருக்குப்பா." அதோடு சரி. தனக்குக் கோவையாகப் பேச வராது, அதனால்தான் கேட்பதில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு நிஜமாகவே ஒன்று தோன்றியது. வாயைத் திறந்தாள்.

"அப்பா, அது மூணுக்கும் கரண்ட் ஒரே இடத்துலேர்ந்து..."

"இரும்மா," என்றார் அப்பா. அதட்டவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. "அவ சொல்லட்டும்."

அண்ணி உடனே, "நீ சொல்லு சயின்டிஸ்ட், என்ன சொல்ல வந்த?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

அண்ணி அப்படிக் கேட்டிருக்கவே வேண்டாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆறு மணிக்கு அண்ணி குளிக்கப் போனார். அப்பா தொலைக்காட்சி பார்க்கப் போனார். கரண்டிகள் வரிசையாக மேசைமேலேயே கிடந்தன. லேப்டாப் திறந்திருந்தது. வண்டி எண்ணில் ஒரு ஃபைல். நாத்தனாரின் விரல் நடுங்கிய

இல்லை. நடுங்கவில்லை. ஃபைலைத் திறந்தாள். சென்சாருக்கு ஒரு கோடாக மூன்று கோடுகள் இழுத்த வரைபடம். மூன்றும் சமதளமாக வந்து, ஒரே நொடியில் விழுந்து, ஒரே நொடியில் எழுந்தன. ஏழு முறை. ஏழு முறையும் ஆபரேட்டர் பூமைத் தூக்கும் நெம்புகோலை இழுத்திருந்தார். அவள் சொல்ல வந்தது சரி. சென்சார் இல்லை. பொதுவாக வரும் ஐந்து வோல்ட்டை ஏதோ கீழே இழுக்கிறது. குளியலறைக் கதவைத் தட்டி, "அண்ணி, கண்டுபிடிச்சிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அண்ணி ஈரத்தலையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி, "மாமா, உங்க பொண்ணு கண்டுபிடிச்சிட்டா!" என்று கத்தியிருப்பார்.

அதுவும் வேண்டாமென்று இருந்தது. அண்ணி கொடுத்துத் தனக்கு ஒன்று கிடைப்பது.

அழித்தாள். நிச்சயமாகவா என்று கணினி ஒரு சின்னப் பெட்டியில் கேட்டது. ஆம். பிறகு குப்பைக்கூடையைத் திறந்து அதையும் காலி செய்தாள். முதலாவதைக் கை தவறி என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது.

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "சயின்டிஸ்ட், டீ போடவா?"

"போடுங்க."

போட்டுக் கொடுத்தார். "சக்கரை போதுமா?"

"ம்."

குடித்தாள்.

* அன்று தன் அறையில் அண்ணி லேப்டாப்பைத் திறந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். மறுநாள் மாலை வீட்டுக்கு வந்து, "மாமா, நான் எதையோ அழிச்சிட்டேன் போல" என்றார். நாத்தனாருக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. அதையும் எழுதி வைக்கிறேன்.

8

முடிவுகள்.

ஒன்று. அகராதிதான் அழித்தார் என்றே முடித்துவிடலாம். ஓட்டை இருக்கிறது, ஆனால் யாரும் கூர்ந்து படிக்க மாட்டார்கள். கதை எங்காவது அச்சில் வந்தால் அம்மா படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். ஒரு குற்றமும் செய்யாத பெண்மணி நாலு பேர் வாயில் விழுவார். மூன்று நல்ல சென்சார்களைக் கழற்றி எறிந்ததுபோல.

இரண்டு. நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. கடிதம் போகிறது. அண்ணி ஸ்டோரில் உட்கார்ந்து திருகாணிகளை எண்ணிக் கொடுக்கிறார். மாலையில் மேசைமேல் கரண்டி வைத்து விளக்குவதற்கு ஒன்றும் இருக்காது. அப்பா, "வேலை எப்படிம்மா?" என்பார். அண்ணி, "நல்லாருக்கு மாமா" என்பார்.

இந்த முடிவை எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாளாக நான் ஆசைப்பட்டது இதற்குத்தானே?

மூன்று. நாத்தனார் மேசையில் எல்லார் முன்னாலும் சொல்கிறாள். அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து

இதை என்னால் எழுத முடியவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வந்திருந்தால் இந்தக் கதையே பிறந்திருக்காது.

9

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.

வாசகர் என்று மனதில் வைத்து இதுவரை நான் பேசியது ஒரே ஒருவரிடம்தான். எரர் கோடு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லாத ஒருவர்.

அண்ணி, நீங்கள் கேட்ட கடிதம் இந்தக் காகிதங்களுக்கு அடியில் இருக்கிறது. ஒழுங்காகவே எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதற்கும் அடியில் இன்னொரு கடிதம் இருக்கிறது. ஃபோர்மேனுக்கு. அதில் இருப்பது என் கையெழுத்து. ஃபைல் இருந்தது, நீங்கள் ஏற்றினீர்கள், உங்கள் கையும் ஞாபகமும் சரியாகத்தான் இருந்தன, அழித்தது நான், எதற்காக என்பதோடு. அகராதி அக்காவுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை எதை எடுத்துப் போவது என்பது உங்கள் இஷ்டம். எடுத்துப் போகாவிட்டால் நானே வந்து கொடுக்கத் தயார். பட்டறை வாசல்வரை வந்துவிடுவேன். உள்ளே வந்து பேசுவதுதான், கொஞ்சம் முயற்சி செய்ய வேண்டும்.

கடைசித் தாளில் அந்த வரைபடத்தை வரைந்திருக்கிறேன். நான் அதைப் பார்த்தது இரண்டு நிமிடம். ஆனால் ஏழு முறையும் எஞ்சின் எத்தனை மணி ஓடியிருந்தபோது விழுந்தது என்பது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. அழித்த பிறகு எழுதுகிறேன். வரிசை தப்பிவிட்டது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் இதை அண்ணனிடம் காட்டலாம். கிழித்துப் போடலாம். என்னிடம் ஒரு வருடம் பேசாமல் இருக்கலாம். எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டு, கரண்டிகளை வைத்து விளக்கலாம். நாலாவது கரண்டி நான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. காகிதங்களை உங்கள் லேப்டாப் இருந்த அதே இடத்தில் வைத்துவிட்டு டீ போடப் போகிறேன். இரண்டு டம்ளர். ஒன்றை நீங்கள் தொடாமல் போகலாம்.

படித்து முடித்ததும் சொல்லுங்கள் அண்ணி. குறுக்கே பேச மாட்டேன். எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம்?